பழைய செவ்ரோலே பிக்கப்பின் அச்சு, சில்லு, கியர்பெட்டி மாற்றம்: தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கோடை தொடங்கியதும் கனடாவின் சிறு நகரங்களில் பழைய வாகனக் கண்காட்சிகளும் தொடங்கிவிடும். அங்கே எம்மவர் பலர் நெடுநேரம் நின்று பார்க்கும் வாகனம் ஒன்று உண்டு. உருண்டையான முகமும், முகப்பில் ஐந்து கிடைக் கம்பிகளும் கொண்ட செவ்ரோலே பிக்கப் அது. 1947 கோடையில் வெளிவந்து, 1955 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செய்யப்பட்ட 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைச் சேர்ந்தது. அதில் அரைத் தொன் வகைக்கு 3100 என்று பெயர்.

எமக்கு அது முற்றிலும் அந்நியமான வாகனமும் அல்ல. தாயகத்தில் நெல்லும் வெங்காயமும் ஏற்றிச் சென்ற பெட்போர்ட் லொறிகளை நாம் மறக்கவில்லை. அந்தப் பெட்போர்ட், பிரித்தானியாவில் செவ்ரோலே லொறிகளைச் செய்துவந்த தொழிற்சாலையிலிருந்து 1931 இல் பிறந்த பெயர். ஆறு சிலிண்டர் எஞ்சின் விடயத்திலும் இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். அதனால்தான் 3100 இன் பொனற்றைத் திறந்தால், எங்கள் ஊர்க் கராஜில் நின்று பழகியவருக்கு ஒரு பரிச்சயம் தெரிகிறது.

அந்தப் பரிச்சயத்தால் இவ்வாகனத்தை வாங்குவோரும் உண்டு. வாங்கிய சில வாரங்களிலேயே ஒரு குறை தெரியவரும். நகரத் தெருவில் அழகாக ஓடும் பிக்கப், நெடுஞ்சாலையில் ஏறியதும் அலறத் தொடங்கும். மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டினால் எஞ்சின் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அப்போதுதான் அச்சை மாற்றலாமா, கியர்பெட்டியை மாற்றலாமா, பெரிய சில்லுப் போடலாமா என்ற கேள்விகள் எழுகின்றன.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். இருப்பதைக் கொண்டு ஓடவைக்கும் திறமை எம்மிடம் அப்படி வளர்ந்தது. அது பெருமைக்குரியது. ஆனால் அந்த வண்டிகள் குண்டும் குழியுமான வீதிகளில் மெதுவாக ஓடியவை. கனரக வாகனங்களுக்கு நடுவே 100 கிலோமீற்றர் வேகத்தில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு அந்த முறை போதாது. இங்கே அளந்தும் கணக்குப் பார்த்தும் வேலை செய்ய வேண்டும்.

ஏன் அலறுகிறது?

3100 இல் மூன்று கியர்கள்தான் வழக்கமாக இருந்தன. மேல் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின்னே செல்லும் தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். பின்னச்சின் விகிதம் 4.11. அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற, அந்தத் தண்டு 4.11 தடவை சுற்ற வேண்டும். மண் பாதையில் பாரம் இழுப்பதற்காகப் பண்ணைக்காரருக்குச் செய்த கணக்கு இது.

உங்கள் வண்டிக்கான கணக்கை நீங்களே போடலாம். பின்சில்லின் அடியிலும் அதற்கு நேரே தரையிலும் சோக்குக் கட்டியால் கோடு போடுங்கள். சில்லு சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளி, தரையில் மீண்டும் கோடு போட்டு, இரு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை அளவுங்கள். 16 அங்குலச் சில்லில் பழைய அளவு ரயர் இருந்தால் ஏறக்குறைய 2.25 மீற்றர் வரும்.

மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 1667 மீற்றர். அதை 2.25 ஆல் வகுத்தால், சில்லு நிமிடத்துக்கு 741 தடவை சுற்றுகிறது. 4.11 ஆல் பெருக்கினால், எஞ்சின் 3045 தடவை சுற்றுகிறது.

இன்றைய எஞ்சினுக்கு இது பெரிய வேகம் அல்ல. ஆனால் 1953 வரை 3100 இல் வந்த 216 கன அங்குல எஞ்சினின் கதை வேறு. அதன் கொனெக்ரிங் றொட் பெயரிங்குகள் 'பாபிற்' என்ற மென்மையான உலோகத்தை உருக்கி வார்த்தவை. அவற்றுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் போவதில்லை. றொட்டின் அடியிலுள்ள சிறு கரண்டி, தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்கிறது. இப்படிப்பட்ட எஞ்சினை மணிக்கணக்காக 3000 சுற்றுக்கு மேல் வைத்திருப்பது அதன் ஆயுளைக் குறைப்பதாகும். 1954 இல் வந்த 235 கன அங்குல எஞ்சினில் முழு அழுத்த எண்ணெய் ஓட்டம் உண்டு, அது கூடுதலாகத் தாங்கும். ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்னர், உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின் என்று எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மூன்றும் ஒரே கணக்கு

சில்லு, அச்சு, கியர்பெட்டி என்பன மூன்று தனி வேலைகள் அல்ல. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டின் பலனும் மாறும். 100 கிலோமீற்றர் வேகத்தில், அதே 2.25 மீற்றர் சில்லுடன் கிடைக்கும் எஞ்சின் சுற்றுகள் இவை:

- 4.11 அச்சு, பழைய கியர்பெட்டி: 3045
- 3.55 அச்சு, பழைய கியர்பெட்டி: 2630
- 3.08 அச்சு, பழைய கியர்பெட்டி: 2282
- 4.11 அச்சு, 0.72 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர்பெட்டி: 2192
- 3.55 அச்சு, அதே ஓவர்டிரைவ்: 1894
- 3.08 அச்சு, அதே ஓவர்டிரைவ்: 1643

கடைசி வரி கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் 80 கிலோமீற்றருக்கு இறங்கும்போது அந்தச் சேர்க்கையில் எஞ்சின் 1314 சுற்றுக்கு வந்துவிடும். 90 குதிரை வலுவைச் சற்றே தாண்டும் பழைய எஞ்சின் ஒரு மேட்டில் ஏறும்போது திணறும். அப்படித் திணறவைத்து ஓட்டுவதும் பெயரிங்கைக் கெடுக்கும். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழிகளே பொருத்தம். 3.55 அச்சுடன் பழைய கியர்பெட்டி ஒன்று. ஓவர்டிரைவுடன் 3.73 முதல் 4.11 வரையான அச்சு மற்றொன்று. இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோவது வீண் செலவு.

அழகுக்காகச் சில்லு மாற்றுவோர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 205/60 அளவு ரயரை 15 அங்குலச் சில்லில் போட்டால் சுற்றளவு 1.97 மீற்றருக்குக் குறையும். வேறு எதையும் மாற்றாவிட்டால் 100 கிலோமீற்றரில் எஞ்சின் 3480 சுற்றை நெருங்கும். அலறலைக் குறைக்கப் போனவர் அதைக் கூட்டிக்கொண்டு வருவார். 235/75 அளவில் 15 அங்குல ரயர் போட்டால் பழைய உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

முதலில் பிறேக்

80 இல் ஓடும் வண்டி 100 இல் ஓடினால், அதை நிறுத்துவதற்கு உறிஞ்ச வேண்டிய சக்தி 56 வீதம் கூடுகிறது. கியரை மாற்றி வேகத்தைக் கூட்டும் எவரும் அதற்கு முன் பிறேக்கை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

3100 இன் நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக்குகளே உண்டு. 1950 வரை வந்தவை ஹக் வகை. 1951 முதல் பெண்டிக்ஸ் வகை. இரண்டிலும் எண்ணெய் ஒரே வழியாகத்தான் போகிறது. ஏதாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லாமல் போகும். எனவே முதற் செலவு, முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு வழி உள்ள இரட்டை மாஸ்ரர் சிலிண்டர்.

அடுத்தது முன் டிஸ்க் பிறேக். பழைய முன்னச்சை அப்படியே வைத்துக்கொண்டு பூட்டக்கூடிய தொகுதிகள் கிடைக்கின்றன. இந்தப் பிக்கப்பில் மாஸ்ரர் சிலிண்டர் தரைப் பலகைக்குக் கீழே இருக்கிறது. டிஸ்க் பிறேக்கின் கலிப்பர் அதைவிட உயரத்தில் இருந்தால், எண்ணெய் பின்னோக்கி வடிந்து பெடல் ஆழமாக இறங்கும். அதைத் தடுக்க முன் டிஸ்க் வழியில் 2 பி.எஸ்.ஐ. வால்வும், பின் ட்ரம் வழியில் 10 பி.எஸ்.ஐ. வால்வும் வைப்பது வழக்கம்.

பலர் விடும் பிழை ஒன்றும் உண்டு. பின்னச்சைப் புதிய வாகனம் ஒன்றிலிருந்து எடுக்கும்போது அதனுடன் டிஸ்க் பிறேக் சேர்ந்து வரலாம். முன்னே பழைய ட்ரம், பின்னே டிஸ்க் என்று ஓட்டாதீர்கள். திடீரெனப் பிறேக் அடித்தால் பாரமில்லாத பிக்கப்பின் பின்சில்லுகள் முதலில் இறுகி, வண்டி திரும்பிவிடும். முன்பக்கத்தை முடித்த பிறகே பின்பக்கத்துக்குப் போங்கள். முன், பின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஒன்றும் தேவை.

பின்னச்சு: குழாய்க்குள் ஒரு தண்டு

1954 வரையான 3100 இல் பின்னே செல்லும் தண்டு வெளியே தெரியாது. 'ரோர்க் ரியூப்' என்ற தடித்த குழாய்க்குள் அது சுழல்கிறது. அந்தக் குழாய் வெறும் உறை அல்ல. அச்சு சுழலும்போது எதிர்த்துத் திமிறும் விசையைத் தாங்குவது அதுதான். 1955 தொடக்கத்தில் வந்த கடைசித் தொகுதியில் மட்டுமே திறந்த தண்டு வந்தது.

இதனால் கியர்பெட்டியை மட்டும் தனியாக மாற்ற முடியாது. புதிய கியர்பெட்டிக்குத் திறந்த தண்டு வேண்டும். திறந்த தண்டுக்கு வேறு பின்னச்சு வேண்டும். ஒன்றை வாங்கி வைத்துவிட்டு மற்றதைத் தேடுவோர் இங்கேதான் பணத்தை இழக்கிறார்கள்.

வெட்டாமல் ஒட்டாமல் செய்யக்கூடிய வழி ஒன்றும் இருக்கிறது. பழைய அச்சையும் குழாயையும் வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள 4.11 பற்சக்கரங்களுக்குப் பதிலாக 3.55 சோடியைப் போடலாம். 1950 முதல் 1954 வரை பவர்கிளைட் கியர் பூட்டிய செவ்ரோலே கார்களில் இந்த விகிதம் இருந்தது. இன்று புதிதாகச் செய்தும் விற்கிறார்கள். வேகமானியின் பல்லையும் உடன் மாற்ற வேண்டும். வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது. ஞாயிறு தோறும் ஓட்டும் குடும்பத்துக்கு இதுவே போதுமானது.

முழு அச்சையும் மாற்றுவதென்றால், இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

பழையதைக் கழற்றுமுன் மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள். இரு பக்கச் சில்லுகளும் பதியும் முகங்களுக்கிடையிலான அகலம் முதலாவது. இரு ஸ்பிறிங்குகளின் நடுக்களுக்கிடையிலான தூரம் இரண்டாவது. அடிச்சட்டத்தில் மாறாத ஒரு துளையிலிருந்து அச்சின் நடுவுக்குள்ள தூரம் மூன்றாவது. மூன்றாவதைத் தவறவிட்டால் சில்லு மட்காட்டின் நடுவில் நிற்காது.

பலர் தெரிவுசெய்வது 1995 க்குப் பிந்திய போர்ட் எக்ஸ்புளோரரின் 8.8 அங்குலப் பின்னச்சு. அகலம் ஏறக்குறைய 59.5 அங்குலம். 3.55, 3.73, 4.10 விகிதங்களில் கிடைக்கும். டிஸ்க் பிறேக்குடன் வரும். ஆனால் அதன் சில்லு ஐந்து போல்ற் கொண்டது.

ஸ்பிறிங் அமரும் இருக்கைகளை முதலிலேயே முழுதாக ஒட்டிவிடாதீர்கள். வண்டியின் முழுப் பாரமும் சில்லில் நிற்கும் நிலையில், கியர்பெட்டியின் பின் தண்டு எத்தனை பாகை கீழே சாய்கிறது என்று அளவுங்கள். அச்சின் மூக்கு ஏறக்குறைய அதே அளவு மேலே சாய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு யூனிவர்சல் ஜொயின்றிலும் 1 முதல் 3 பாகை வரை வளைவு இருக்கலாம். கோணம் சரியான பிறகு பொட்டொட்டு வைத்து மீண்டும் அளந்து, இறுதியில் அனுமதி பெற்ற வெல்டரிடம் கொடுங்கள். ஒரே மூச்சில் சுற்றி ஒட்டினால் வெப்பத்தில் அச்சுக் குழாய் வளையும். சிறிது சிறிதாக ஆறவிட்டு ஒட்ட வேண்டும்.

கியர்பெட்டி

ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் பெரும்பாலும் பொருத்தப்படுவது, செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பில் வந்த ரி-5 ஐந்து கியர்பெட்டி. இதன் கியர்த்தடி முன்னோக்கி இருப்பதால், நீளமான இருக்கைக்கு இடைஞ்சல் இல்லாமல் வரும். ரி-5 இல் பல வகைகள் உண்டு. ஐந்தாம் கியர் 0.72 ஆகவும் இருக்கலாம், 0.86 ஆகவும் இருக்கலாம். 0.86 என்றால் எங்கள் மேற்கண்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். பெட்டியில் உள்ள உலோகத் தகட்டின் இலக்கத்தைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். வேகமானிக்கு இயந்திரக் கம்பி வருமா, மின் உணரி வருமா என்பதையும் கேளுங்கள்.

பழைய கிளச் உறைக்கும் ரி-5 க்கும் இடையே ஒரு இணைப்புத் தகடு தேவை. கிளச் தட்டின் பற்கள் புதிய தண்டுக்குப் பொருந்த வேண்டும். பிளைவீலின் நடுவிலுள்ள சிறு புஷ்ஷும் அப்படியே. உறையின் துளை எஞ்சின் நடுக்கோட்டுடன் 0.13 மில்லிமீற்றருக்குள் ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இதை அலட்சியம் செய்தால் சில ஆயிரம் கிலோமீற்றரில் பெயரிங் இரையும்.

புதிய பெட்டியின் பின்முனையைத் தாங்க வைத்தால், இறப்பர் தாங்கியே வையுங்கள். எஞ்சினை ஏற்கெனவே கிளச் உறையின் இரு பக்கமும் தாங்குகின்றன. மூன்றாவது இடத்திலும் இரும்போடு இரும்பாக இறுக்கினால், அடிச்சட்டம் முறுகும்போது அலுமினியப் பெட்டி வெடிக்கும். 'வேர்ல்ட் கிளாஸ்' வகை ரி-5 க்கு விடுவது ஓட்டோமற்றிக் எண்ணெய். தடித்த கியர் எண்ணெய் அல்ல.

வி-8 எஞ்சின் போட்டவர்கள் 1982 முதல் வந்த 700ஆர்4 ஓட்டோமற்றிக் பெட்டியை விரும்புகிறார்கள். அதன் ஓவர்டிரைவ் 0.70. அக்சிலேற்றருடன் இணையும் அதன் கேபிள் சரியாக அமைக்கப்படாவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து கிளச்சுகள் விரைவில் கருகிவிடும். முதல் ஓட்டத்துக்கு முன்னரே அதைச் சரிபாருங்கள்.

தண்டின் நீளத்தையும் வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போதே அளக்க வேண்டும். வழுக்கும் முனையை முழுதாக உள்ளே தள்ளி, பின் 2 முதல் 2.5 சென்றிமீற்றர் வெளியே இழுத்த நிலைதான் சரியான அளவு.

சில்லும் ரயரும்

3100 இன் சில்லில் ஆறு போல்ற்கள். எதிரெதிர் போல்ற் நடுக்களுக்கிடையே 5.5 அங்குலம், அதாவது 139.7 மில்லிமீற்றர். டொயோட்டா ஹைலக்ஸிலும் இதே அளவுதான். எனவே சில்லுத் தேடுவது கடினமல்ல. ஆயினும் நடுத் துளையின் அளவையும் உட்பதிவையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்னச்சு ஐந்து போல்ற் ஆகவும் முன்னச்சு ஆறு போல்ற் ஆகவும் விடப்பட்டால், ஒரே உதிரிச் சில்லு இரண்டுக்கும் உதவாது. இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

பழைய குறுக்கு இழை ரயரையும் ரேடியலையும் கலந்து போடக் கூடாது. பெரிய லொறிகளில் உள்ள, பல துண்டுகளாகப் பூட்டும் றிம்களை வீட்டில் கழற்ற முயலவே கூடாது. வளையம் தெறித்து உயிரிழந்தவர்கள் உண்டு.

சட்டமும் காப்புறுதியும்

ஒன்ராறியோவில் பழைய வாகனத் தகடு பெற, வாகனம் 30 ஆண்டு பழையதாகவும், பெரும்பாலும் மாற்றப்படாததாகவும் இருக்க வேண்டும். ஜேர்மனியின் எச் தகட்டுக்கும் 30 ஆண்டுகள் வேண்டும். அங்கே மாற்றங்கள் அக்காலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்று பரிசோதகர் எதிர்பார்ப்பார். பிரித்தானியாவில் 40 ஆண்டு கடந்த வாகனத்துக்கு எம்.ஓ.ரி. விலக்கு உண்டு. ஆனால் ஸ்பிறிங் அமைப்பின் அல்லது ஸ்ரியறிங்கின் வகையையே மாற்றினால் அது கணிசமான மாற்றமாகக் கருதப்படும். பாதுகாப்புக்காகச் செய்யும் மேம்பாடு அப்படியல்ல. எந்த நாட்டில் இருந்தாலும், வேலை தொடங்குமுன் பதிவு அலுவலகத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் எழுத்தில் கேளுங்கள். விபத்துக்குப் பின் தெரியவரும் அறிவிக்காத மாற்றம், குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிடும்.

முதல் ஓட்டமும் கழற்றிய பொருட்களும்

வேலை முடிந்ததும் நெடுஞ்சாலைக்கு ஓடாதீர்கள். வெறுமையான இடத்தில் 30 கிலோமீற்றரிலும், பின் 50 இலும் பிறேக்கைப் பலமுறை பாருங்கள். ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லு நட்களையும் ஸ்பிறிங்கின் யு போல்ற்களையும் மீண்டும் அளவாக இறுக்குங்கள். ரோர்க் ரியூப் தாங்கிய விசையை இப்போது அந்த ஸ்பிறிங்குகளும் யு போல்ற்களுமே தாங்குகின்றன. இந்த பிக்கப் இருக்கைப் பட்டி இல்லாமல் பிறந்தது. உறுதியாகப் பூட்டிய பட்டி வரும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

கழற்றிய அச்சையும் குழாயையும் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் பூசி, பெயரெழுதிக் கட்டி, எடுத்த அளவுகளையும் படங்களையும் ஒரு கொப்பியில் சேர்த்து வையுங்கள். ஊரில் விட்டுவந்த வாகனங்களின் ஒரு போல்ற்கூட எம்மில் பலரிடம் இன்று இல்லை. இந்த வண்டி என்றோ ஒருநாள் உங்கள் பிள்ளையின் கைக்குப் போகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அந்தப் பிள்ளை விரும்பினால், தேவையான பொருளும் அதைப் பூட்டும் முறையும் வீட்டிலேயே இருக்கட்டும்.